போனுக்கு ஒரு நாற்காலி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம் கத்துவார்கள், வெளியே நிற்பவர்கள் அதைவிடச் சத்தமாகக் கத்துவார்கள். இவன் மட்டும் கதவோரம் குனிந்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்பான். அது போக அவன் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை உதிர்ந்தால் அதிகம். அவன் கல்யாணத்தில் பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு நின்றவன் அவன். "வாயைத் திறந்து சொல்லுங்க தம்பி" என்று அவர் இரண்டு தடவை கெஞ்ச வேண்டியிருந்தது. எனக்கு மானம் போயிற்று.

அவன் பெண்டாட்டி நர்ஸ். சின்னவள் தவழ ஆரம்பித்த சமயத்தில் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனாள். அங்கே கிடைத்த வேலை இங்கே கிடைக்கவில்லை, அவ்வளவுதான். "பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுட்டு எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்று மாடிப்படியில் நின்று இழுத்தவர்களிடம் நான் வாய்ச்சண்டைக்கே போயிருக்கிறேன். மனசு வந்தா போனாள்? விமான நிலையத்தில் அவளைத் தள்ளிக்கொண்டு போய் உள்ளே விட்டது நான். எனக்கல்லவா தெரியும்!

நான் எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை, மதியத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு இரண்டு வாண்டுகளும் என் பொறுப்பு. பெரியவன் இரண்டாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் வாதம் செய்வதால் அவனை வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். சின்னவள் சுண்டு. மூன்று வயது முடியப்போகிறது. பேச்சு மட்டும் கிழவி பேச்சு.

தினமும் சாயங்காலம், தம்பி வேலையிலிருந்து வந்து கை கழுவியதும், அவளிடமிருந்து போன் வரும். அங்கே அது அவளுக்கு இடைவேளை நேரம். ஆஸ்பத்திரியில் துணிகள் அடுக்கி வைக்கிற அறையில் நின்றபடி பேசுவாள், பின்னால் வெள்ளைப் போர்வைகளாகத் தெரியும். அவள் அழைப்புக்கென்றே ஒரு பழைய போனை வீட்டில் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் உட்காரும் நாற்காலியில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் போனைச் சாய்த்து வைப்பார்கள். நான் ஒரு நாள் கால் வலிக்கிறதே என்று அந்த நாற்காலியில் உட்காரப் போனேன். "அத்தே! அது அம்மா இடம்!" என்று சுண்டு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பூனை மாடிப்படியில் இறங்கி ஓடிற்று. பேசி முடித்ததும் போனுக்கு முத்தம் கொடுத்து, கைக்குட்டையால் போர்த்தி, "அம்மா தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க" என்பாள். நாங்களும் சிரித்துக்கொண்டு சத்தத்தைக் குறைப்போம். அதில் ஒரு தப்பும் எங்களுக்குத் தெரியவில்லை.

திருவருகைக் காலம் வந்தது. கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் வரும் நான்கு வாரம். "கிறிஸ்துமஸைவிட அதுக்குக் காத்திருக்கிற நாளுங்கதான் அண்ணி எனக்கு உசிரு" என்பாள் தம்பி பெண்டாட்டி. அவள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழக்கம். ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். போன வருஷம் சுண்டுவுக்கு விவரம் தெரியவில்லை என்று விட்டுவிட்டோம். இந்த வருஷம் தம்பி பெண்டாட்டி போனிலேயே நடத்திவிட்டாள்.

முதல் ஞாயிறு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவதற்கு நான்கு மெழுகுவர்த்தி வைக்கிற வளையம் செய்ய வேண்டும். தம்பியிடம் ஒரு வளையம் கொண்டு வா என்று சொன்னதுதான் தாமதம், கழித்துப்போட்ட லிஃப்ட் கம்பிவடத்தில் ஒரு துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். "டேய், இது பிள்ளைங்க விளையாடுறதுக்கா, கப்பல் கட்டுறதுக்கா?" என்றேன். "அறுந்து போகாதுக்கா" என்றான். வளையம் ஏன்டா அறுந்து போகிறது! நான் பச்சைத் துணி சுற்றினேன், பிள்ளைகள் இலை பறித்து வந்து செருகினார்கள். மேசையே ஒரு பக்கம் தணிந்துபோயிற்று. முதல் மெழுகுவர்த்தியை வக்கீல் ஏற்ற, போனுக்குள்ளிருந்து அவள் கையைக் கூப்பிக்கொண்டு, "வாரும் ஆண்டவரே" என்றாள். பிள்ளைகளும் சொன்னார்கள். தம்பி உதட்டை அசைத்தான்.

அடுத்து வைக்கோல். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிதான் குழந்தை இயேசுவுக்குத் தொட்டில். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் அதில் ஒரு வைக்கோலைப் போடலாம். நான்கைந்து நாளில் பெட்டி பொங்கி வழிந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. கவனித்துப் பார்த்தால், வக்கீல் சுண்டுவின் செருப்பை ஒளித்து வைப்பதும், அவள் அழுததும் தேடிக் கொடுத்து வைக்கோல் போடுவதுமாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தான். காதைத் திருகினேன். "கண்டுபிடிச்சுக் குடுத்தது நல்ல காரியந்தானே அத்தே?" என்று கேட்கிறான். போனுக்குள் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரித்ததில் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பேச்சை மாற்றினேன்.

இப்படி ஒரு நாள் பொம்மை ஒன்றை யாருக்காவது கொடுப்பது, ஒரு நாள் தெருக் கூட்டுகிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு ஒரு நாள், "நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்களோ அவங்களை வரையுங்க" என்றாள். வக்கீல் குழந்தை இயேசுவை வரைந்தான், கையில் கிரிக்கெட் மட்டையோடு. சுண்டு நீளமாக ஒரு கட்டம் போட்டாள். அதற்குள் ஒரு வட்டம், இரண்டு கண், ஒரு வாய்.

"இது யாருடி?" என்றேன்.

"அம்மா."

"சுத்தி என்ன கட்டம்?"

"அம்மா வீடு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்திருந்த போனைக் காட்டினாள்.

நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் வீட்டு வாசல்வரை வந்து நின்றான். அவனாக வந்து பேசுவது எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"அக்கா, அவளுக்கு லீவு கிடைக்கும் போலிருக்கு. கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் வருவா."

"அட, சொல்லவே இல்லையே! நல்ல சேதிதானே, மூஞ்சியை ஏன்டா இப்படி வச்சிருக்கே?"

"வந்து நின்னா சுண்டுவுக்கு அவளைத் தெரியுமாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "பெத்தவளைத் தெரியாம போகுமா? கிறுக்கு மாதிரிப் பேசாதே" என்று அதட்டினேனே தவிர, என் குரலிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

இதற்கு முன்னால் இரண்டு தடவை லீவு கிடைத்து, கடைசி நேரத்தில் வேலைக்கு ஆளில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்திருந்தார்கள். வக்கீல் அந்த ஏமாற்றத்தில் காய்ச்சலே வந்து படுத்தான். அதனால் பிள்ளைகளிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆனால் தம்பியால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் டேப்பை எடுத்து அளந்து, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

"சுண்டு, அம்மா இவ்ளோ உயரம்."

சுண்டு கோட்டை அண்ணாந்து பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள். "பொய்!" என்று கெக்கெக்கே என்று சிரித்தாள். "அம்மா இவ்ளோதான்" என்று கையை விரித்துக் காட்டினாள். தம்பியும் அவளோடு சேர்ந்து சிரிக்கத்தான் பார்த்தான். முடியாமல், முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனான். போனால் தண்ணீரைத் திறந்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. அவன் தன் பெண்டாட்டிக்காக எவ்வளவு ஏங்கிப் போயிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது. பேசாத ஆள் என்றால் ஏக்கமே இல்லாத ஆள் என்று நினைத்துவிடுகிறோம். கல்லா மண்ணா அவன்?

நான்காவது மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் தம்பி அவளை அழைத்துவரப் போனான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன், சுண்டுவுக்குத் தலை சீவிவிட்டேன், அது கலைந்து மறுபடி சீவினேன். "எங்கே போறோம் அத்தே?" என்று வக்கீல் குறுக்கு விசாரணை செய்தான். "எங்கேயும் போகல, வாயை மூடு" என்றேன்.

கதவு திறந்தது. கையில் பெட்டியோடு நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். வக்கீல் ஒரு நொடி மலைத்தான். அடுத்த நொடி "அம்மா!" என்று பாய்ந்த வேகத்தில் அவள் சுவரில் மோதிக்கொண்டாள். ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு, மறு கையைச் சுண்டுவுக்காக நீட்டினாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றுகிறது.

சுண்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். நாற்காலியிலிருந்து போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அத்தே, அம்மாவைக் கூப்புடு. வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லணும்."

பெற்றவள் நீட்டிய கை அப்படியே நின்றுபோயிற்று. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அடி அறிவுகெட்டவளே, இவதான்டி உங்கம்மா! போடி, போய்க் கட்டிப்புடி!" என்று அவளைப் பிடித்துத் தள்ளப் போனேன். தம்பி என் கையைப் பிடித்துவிட்டான்.

"இழுக்காதேக்கா. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறப்போ ஆளை இழுக்கக் கூடாது. தளத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தான் கதவைத் திறக்கணும்."

பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீ மாடிப்படிக்குப் போ. போய் போன் பண்ணு."

அவள் ஒன்றும் கேட்காமல் போனாள். கதவைச் சாத்தினான். வக்கீலின் வாயை நான் பொத்திக்கொண்டேன். போன் அடித்தது. தம்பி அதைத் தலையணைமேல் சாய்த்து வைத்தான். சுண்டுவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கவும் பிடித்தது, பார்க்கவும் பொறுக்கவில்லை.

"அம்மா! நீயும் அழுவுறியா? இங்க ஒரு ஆன்ட்டி வந்தாங்க. அவங்களும் அழுதாங்க."

"அப்படியா கண்ணு? எப்படி இருந்தாங்க?"

"பெரிசா இருந்தாங்க."

"பயமா இருந்துச்சா?"

"கொஞ்சூண்டு." சுண்டு போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "அம்மா, நீ வாயேன். நீ எப்பப் பாத்தாலும் உள்ளேயே இருக்கே."

போனுக்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வரட்டுமா?" என்றது போன்.

"வா."

தம்பி கதவை மெல்லத் திறந்தான். அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி, "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்காலியிலிருந்தும் அதே குரல் வந்தது. சுண்டு இங்கே பார்த்தாள், அங்கே பார்த்தாள். பெற்றவள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, போனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். சுண்டு கிட்டே போனாள். ஒரு விரலால் அவள் கன்னத்தைத் தொட்டு, அந்த விரலைப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கு" என்றாள்.

"ஆமா கண்ணு."

"வெளியே வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"மறுபடி உள்ள போயிடுவியா?"

அவளுக்குக் கிடைத்தது கொஞ்ச நாள் லீவு என்று பெரியவர்கள் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"இன்னைக்குப் போக மாட்டேன்" என்றாள்.

"நாளைக்கு?"

"நாளைக்கு கிறிஸ்துமஸ். நாளைக்கும் போக மாட்டேன்."

"அதுக்கு அப்புறம்?"

அவள் குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சுண்டு இந்தத் தடவை ஒளியவில்லை. அந்த அணைப்புக்குள் இருந்தபடியே தலையை நிமிர்த்தி, பதில் வரட்டும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.