வந்து போனது ஓர் ஊசிக்குச் சமம் என்றேன்

போன சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து சரசா போன் செய்தாள். என் தம்பியின் மனைவி. தம்பி போய் மூன்று வருடம் ஆகப் போகிறது.

"அத்தான், கொரோனா மறுபடி புதுசா ஒண்ணு பரவுதாமே. எனக்குத்தான் போன வருஷம் வந்து போயிடுச்சே... மறுபடி ஊசி போடணுமா, வேணாமா? நீங்க சொன்னா சரி."

ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் தம்பியும் என்னிடம் கேட்டிருந்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். இடைநிலைப் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் வாத்தியார். நம் வீடுகளில் முதலில் படித்தவன் பாடு உங்களுக்குத் தெரியாதா? அரசாங்கக் கடிதமா, ஆஸ்பத்திரிச் சீட்டா, பிள்ளையை எதில் சேர்ப்பது என்ற குழப்பமா – எல்லாம் அவனிடம்தான் வரும். அவனும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பான். 'தெரியாது' என்று சொன்னால் படித்த படிப்புக்கு என்ன மரியாதை?

தம்பி போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவன். இனிப்புநீர் நோய் வேறு. இரண்டு ஊசி போட்டிருந்தான். அந்த வருடக் கடைசியில் தொற்று வந்தது. பத்து நாள் இருமிவிட்டு எழுந்துவிட்டான். பிறகு மூன்றாவது ஊசிக்குக் கூப்பிட்டார்கள். என்னைக் கேட்டான்.

"உனக்கு எதுக்குடா? ரெண்டு ஊசி. வந்து போனது ஒண்ணு. ஆக மூணு. வந்து போன உடம்பு எந்த ஊசியையும் விட ஸ்ட்ராங்."

"அப்போ நான் லைன்ல நிக்க வேணாம். அண்ணே சொன்னா அப்பீலே இல்ல லா!" என்று சிரித்தான்.

எங்கே படித்தேன் இதை? எங்கேயும் இல்லை. யாரோ அனுப்பிய வீடியோவில் பாதி. மீதி, வகுப்பறையில் பழகிய என் குரல்.

இதோடு முடிந்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து என் மகள் என்னை இழுத்துக்கொண்டு போய் அதே மூன்றாவது ஊசியைப் போட வைத்தாள். தொற்று வந்து போனவர்களும் போட வேண்டும் என்று அங்கே தெளிவாகவே சொன்னார்கள். வீட்டுக்கு வந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்ன வார்த்தையை மாற்ற வெட்கம். அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம்... தீபாவளிக்குச் சொல்லலாம்...

அடுத்த வருடம் வைரஸ் வேறு உருவம் எடுத்து வந்தது. தம்பி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பத்தாவது நாள் இல்லை.

இந்த முறை சரசாவிடம், "எனக்குத் தெரியாதும்மா. வா, டாக்டரைக் கேட்போம்" என்றேன். கொமுட்டர் ரயிலேறி நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள்.

கிளினிக்கில் ஓர் இளம் டாக்டர். நம் தமிழ்ப் பெண்.

"முன்னாடி வந்தது ஹெல்ப் பண்ணும் ஆன்டி, இல்லன்னு சொல்லல. ஆனா மாசம் போகப் போக அது குறையும். வைரஸும் உருவத்தை மாத்திக்கிட்டு வருது. ஊசி போட்டாலும் மறுபடி தொத்தலாம். ஆனா ரொம்ப மோசமாகாம பாத்துக்கும். உங்க வயசுக்கு அதுதான் முக்கியம்."

"வந்து போனதை ஓர் ஊசியாகக் கணக்கு வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ அங்கிள், அது யார் சொன்னா?"

"ஒரு வாத்தியார்."

"அந்த வாத்தியாரை இங்க அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்!"

நர்ஸ் சரசாவை ஊசிக்கு அழைத்துப் போனதும் டாக்டரிடம் தம்பி கதையைச் சொல்லி மெதுவாகக் கேட்டேன். போட்டிருந்தால் பிழைத்திருப்பானா? டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "உறுதியா சொல்ல முடியாது அங்கிள். சான்ஸ் கூடியிருக்கும்."

ஊசிக்குப் பிறகு சிறிது நேரம் உட்காரச் சொன்னார்கள். சரசா கையில் பஞ்சை அழுத்தியபடி, "அந்த வாத்தியார் நீங்கதானே?" என்றாள்.

தலையாட்டினேன்.

"அவரு அன்னிக்கே சொன்னாரு, அண்ணே கணக்குப் போட்டுட்டாருன்னு. விடுங்க அத்தான். நல்லதுன்னு நினைச்சுத்தானே சொன்னீங்க? உங்களுக்கும் தெரியாது."

அந்தத் 'தெரியாது'க்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருக்கலாம். மூன்று வருடமாக ஒளிந்த இடம்தானே அது!

"தெரியும் சரசா. அப்புறம் தெரிஞ்சுது. நான் போய் போட்டுக்கிட்டேன். தம்பிகிட்ட மட்டும் சொல்லல."

சரசா எழுந்தாள். பஞ்சைக் குப்பையில் போட்டாள். கைப்பையை எடுத்தாள்.

"நீங்க போட்டுக்கிட்டது தப்பில்ல அத்தான். அவருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

காரில் கிள்ளானில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"வேணாம். நான் ரயில்லயே போய்க்கிறேன்."

முன்பு சொன்னது தப்பு என்று நீங்கள் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறதா? இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அவரை அழையுங்கள்... அவர் எடுக்கும் நிலையில் இருக்கும்போதே.