சாரலில் ஒரு கலர்

எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு இரண்டு விதமான உபசாரம் உண்டு. சிலருக்கு அம்மா காப்பி போட்டு, நாங்கள் குடிக்கும் தம்ளரிலேயே தருவாள். சிலருக்கு நான் தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்க் கலர் வாங்கி வரவேண்டும். ஆரஞ்சு நிறத்தில், கண்ணாடிப் பாட்டிலில், சில்லென்று வேர்த்திருக்கும். அவர்கள் குடித்ததும் காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எங்களுக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும்தான் கலர். அதனால் யாருக்குக் கலர், யாருக்குக் காப்பி என்று கண்டுபிடிப்பதில் எனக்குத் தீராத ஆர்வம்.

அப்பா முதலில், "தென்காசியில எந்தத் தெரு?" என்று கேட்பார். பதில் வந்ததும் அடுக்களைப் பக்கம் பார்ப்பார். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், அல்லது என் கையில் சில்லறையை வைப்பாள். வேட்டி, பேன்ட், செருப்பு என்று எதை வைத்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில், பெரிய ஆட்களுக்குத்தான் கலர் என்று முடிவுசெய்தேன்.

ஆனி மாதச் சாரலில் ஒருநாள், என் வகுப்புத் தோழி இசக்கியின் அப்பா வந்தார். வாத்தியார். நனைந்து, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் கலர்தான். மறுநாள் இசக்கியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எங்கப்பாவுக்குக் கலரே பிடிக்காதுட்டி" என்றாள்.

வெகுநாளாக என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் போனேன். குற்றாலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அவள் அம்மா சுக்கு மணக்கும் காப்பியை ஆற்றிக்கொண்டே வந்தார். தம்ளரை நீட்டப்போனவர் நிறுத்திக்கொண்டார்.

"காப்பி குடிப்பியாம்மா? இல்ல, கலர் வாங்கியாரச் சொல்லட்டா?"

இசக்கி என் முகத்தையே பார்த்தாள். கடைசியில் நானும் பெரிய ஆளாகிவிட்டேன்!

"கலர்" என்றேன்.

"சரிம்மா" என்று அவர் தம்ளரோடு உள்ளே போனார். இசக்கிதான் கடைக்குப் போய் வந்தாள். ஒரு வாய் குடிக்கச் சொல்லி நீட்டினேன். "நீயே குடி" என்றாள்.

வீடு திரும்பியதும் அம்மா, "அங்கன என்னட்டி குடிச்ச?" என்று கேட்டாள்.

"கலர். காப்பி தந்தாங்க, நான்தான் கலர் கேட்டேன்."

அம்மா என் ஈரத்தலையைத் துவட்டத் தொடங்கினாள். "எம்பிள்ளைக்கு இருக்க விவரத்தப் பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். என்ன விவரம் என்று புரியாவிட்டாலும் சந்தோஷமாக இருந்தது.

அதன்பின் இசக்கி என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கலர் விலை அதிகம், அதனால்தான் என்று நினைத்தேன். அடுத்த தடவை காப்பியே போதும் என்று சொல்லிவிடலாம் என, அந்தச் சாரல் முடியும்வரை காத்திருந்தேன்.