கரண்ட் போனால் வாயால் ஓட்டுவோம்

நான் வேலை செய்கிற வகுப்பறையில் யாரும் பேசமாட்டார்கள். பர்மிங்காமுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். வேலை போனவர்களுக்கும் போகப்போகிறவர்களுக்கும் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிற மையம். ஆளுக்கு ஒரு மெஷின், காதில் ஹெட்போன். பாடத்தை மெஷினே நடத்தும். சந்தேகம் வந்தால் மேஜைமேல் இருக்கிற சிவப்புக் காகிதக் கோப்பையை எடுத்து மானிட்டர் தலையில் கவிழ்க்க வேண்டும். அதைப் பார்த்து நான் போய்க் காதருகே குனிந்து பேச வேண்டும். வந்த புதிதில், இவர்களுக்குள் ஏதோ பெரிய சண்டை, அதனால்தான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருடமாகியும் அந்த அமைதி எனக்குப் பழகவில்லை. ஒரு அறை நிறைய மனிதர்கள் இருந்தும் ஒரு குரல் கேட்காவிட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கெவின் அந்தக் கோப்பையை ஒரு நாளும் தொட்டதில்லை. ஐம்பது தாண்டிய மனிதர், பக்கத்துக் கிடங்கில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும் என்று இருந்த வேலை அது. இப்போது வண்டியிலேயே ஒரு டேப்லெட்டை மாட்டிவிட்டார்கள். எந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று ஓட்டுகிறவரே அதில் போட வேண்டும். மாதக் கடைசியில் பரீட்சை. தேறாதவர்களுக்கு வேலை இல்லை. அந்த வயதில், அந்த ஊரில், அவரை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். பாடம் எல்லாவற்றையும் அவர் முடித்துவிட்டதாக மெஷின் பச்சை டிக் போட்டிருந்தது. மாதிரிப் பரீட்சையில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போனால் பச்சை டிக் விழுந்துவிடும். அதற்குப் பெயர் பயிற்சி. பக்கத்தில் போய் நின்றால், "ஐ'ம் ஆல்ரைட், பாப்" என்பார். பாப் என்பது இந்தப் பக்கத்தில் பெண்களைக் கூப்பிடுகிற செல்லச் சொல். சரியாகத்தான் இருக்கிறார்போல என்று முதல் வாரம் நகர்ந்துவிட்டேன். கிட்டே வராதே, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று அவர் கெஞ்சியது பிறகுதான் புரிந்தது.

அந்த வெட்கம் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பதியில் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் சென்டர். விஜயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நகரியில் பஸ் மாறி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டிப் போய் இறங்குவேன். எங்கள் குடும்பத்தில் நைனா காலத்தில்தான் வேர்க்கடலை போடச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது. அதற்கு முன்பெல்லாம் அடுத்தவன் நிலத்தில் கூலி.

"இத்த படிச்சிட்டு இன்னா செய்வ?" என்று நைனா கேட்டார்.

"அமெரிக்காவுல வேலை செய்வேன்."

"கரண்ட் போனா?"

"அங்க கரண்ட் போவாது நைனா."

"அப்ப இங்க எதுக்குடி படிக்கிற? இங்க தெனமும் போதே."

சென்டர் முதலாளி மெஷினுக்கு மூன்று பேரை உட்காரவைத்தார். அது கற்பிக்கும் முறை ஒன்றும் இல்லை, பேராசை. என் மெஷினில் சித்தூர் மிஷன் குடும்பத்து ஞானராஜ். என்னைவிடப் பெரியவர், இங்கிலீஷ் நன்றாக வரும். இன்னொருத்தி திருப்பதிப் பெண் சுகுணா; மாஸ்டர் பாடம் நடத்துகிற தெலுங்கு அவளுக்கு வீட்டுப் பேச்சு. கீபோர்டு அவர்கள் இருவரிடம்தான் இருக்கும். நான் ஓரம். எந்த ஊர், எந்தத் தெரு என்று மாஸ்டர் முதல் நாளே விசாரித்துவிட்டார். அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. கொஞ்ச நாள் பொறுத்தேன். ஒரு நாள் சுகுணாவின் கையைப் பிடித்துக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

"நான் இன்னா, உங்க ரெண்டு பேருக்கும் விசிறி வீச வந்தனா?"

"தெலீதுகதா நீக்கு," என்றாள் சுகுணா. உனக்குத்தான் தெரியாதே என்று.

"தெரியாததாலதான் பஸ் ஏறி வந்துகினு கீறேன். தெரிஞ்சிருந்தா வூட்ல குந்திகினு இருப்பேனே."

ஞானராஜ் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதாம்மா. இனிமே யாருக்குத் தெரியாதோ அவங்க கைதான் கீபோர்டு மேல. தெரிஞ்சவங்க கையக் கட்டிக்கினு வாயால சொல்லுங்க."

கரண்ட் போனதும் மாஸ்டர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். நாங்கள் மூன்று பேரும் கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் ஓட்டுவோம். இதை அமுக்கினேன், இது வந்தது, அடுத்து இங்கே போனேன் என்று ஒருத்தர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மற்ற இரண்டு பேரும் "ஹேங்க் ஆயிடுச்சி" என்று கத்துவோம். முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெஷின் நின்றிருந்த நேரத்தில்தான் எனக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இதை ஊர்ப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த சென்டர் ஒரு கொள்ளை. பாதிப் பேர் சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். எங்களிலேயே நன்றாகப் படித்த ஞானராஜ் வேலை தேடிய நேரத்தில் அமெரிக்காவில் கம்பெனிகள் கவிழ்ந்தன. அவர் திருப்பதியிலேயே ஒரு பயிற்சி மையத்தில் வாத்தியாராகி அங்கேயே நின்றுவிட்டார். நான் கொஞ்சம் முந்தி ஹைதராபாத் போனேன், அங்கிருந்து இங்கே வந்தேன். என்னைத் திறமைசாலி என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முந்தினேன், அவ்வளவுதான்.

கெவினின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். அவரோடு கிடங்கில் வேலை செய்கிற, அதே வகுப்பில் இருந்த டொரோத்தா என்ற போலந்துப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். "கையை மடியில் வைத்துக்கொள்" என்றேன். பிறகு மானிட்டரை அணைத்தேன். திருப்பதியில் கரண்ட் ஆபீஸ் செய்ததை இங்கே நானே செய்ய வேண்டியிருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்றார் கெவின்.

"இல்லை. வண்டியில் ஒரு பெட்டியை ஏற்றிவிட்டீர்கள். டேப்லெட்டில் முதலில் எதைத் தொடுவீர்கள்? சொல்லுங்கள்."

"திரையே இல்லையே."

"திரை இருந்தபோதும் உங்களுக்குத் தெரியவில்லையே."

டொரோத்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கெவின் என்னை முறைத்தார். பிறகு, "நல்ல வேளை, நீ நர்ஸ் வேலைக்குப் போகவில்லை, பாப்" என்றார். சொல்லவும் தொடங்கினார்.

மையத்தின் மேலாளர் சூசன் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். பாராட்டு என்று நினைத்து மறுநாள் இன்னும் சிலரை ஜோடி சேர்த்தேன். அறை சந்தைபோல ஆனது. இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொன்னால் உடனே நிறுத்து என்று பொருள் என்பதை டொரோத்தாதான் விளக்கினாள். சூசன் கெட்டவர் இல்லை. மெஷின் போதவில்லையா, வாங்கித் தரட்டுமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ஆளுக்கு ஒரு மெஷின் கொடுத்தால் கற்றுக்கொடுத்தாயிற்று என்று அவர் தலையில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். நான் வகுப்பில் நிறுத்தினேன். கெவின் நிறுத்தவில்லை. இடைவேளையில் சிகரெட் பிடிக்கிற கொட்டகையில் நின்று டொரோத்தாவிடம் வாயால் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பரீட்சையன்று அவர் முணுமுணுத்தார். வாயால் கற்றுக்கொண்டவருக்கு வாய் ஓடினால்தான் கை ஓடும். கண்காணிக்க வந்த ஆள் பேசக்கூடாது என்றார். வாயை மூடியதும் கெவினின் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. கழுத்து சிவந்துகொண்டே வந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷ் தடுமாறியது.

"அவர் யாரோடு பேசுகிறார்? தன்னோடுதானே. நாளைக்கு வண்டியில் தனியாக இருக்கும்போது யார் வாயை மூடச் சொல்லப்போகிறார்கள்?"

மற்றவர்களுக்கு இடைஞ்சல் கூடாது, விதி என்றார் அந்த ஆள்.

"அப்படியானால் மற்றவர்கள் இல்லாத அறையைக் கொடுங்கள்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சூசன் எழுந்து வந்தார். எனக்கு இன்றோடு வேலை போனது என்று நினைத்தேன். அவர் தன்னுடைய அறைச் சாவியை எடுத்துக் கெவினின் மேஜைமேல் வைத்தார்.

முடிவு வர இருந்த நாளில், மதியம் கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தபோது ஞானராஜ் வீடியோவில் கூப்பிட்டார்.

"இன்னாமா, துன்னியா?"

"இன்னும் இல்லண்ணா. மூஞ்சி ஏன் இப்படி கீது?"

அவர் மையத்துக்கும் டேப்லெட் வந்துவிட்டதாம். ஆளுக்கு ஒன்று, ஹெட்போனோடு. "ஃபாரின் ஸ்டாண்டர்டுன்றாங்கம்மா. மூணு பேர ஒண்ணா குந்தவச்சி பேசவுட்டா பட்டிக்காட்டு வேலையாம். நாளைக்கு மீட்டிங். நீ அங்கியே கீற, சொல்லு. அங்க எப்படித்தான் சொல்லித்தராங்க?"

பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. கெவின். கண்ணாடியை இறக்கி, "தேறிட்டேன், பாப்" என்றார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"யாரும்மா அது?"

"வாயால ஓட்டி பாஸானவரு. என்னக் கேக்காத, அவரையே கேளு." போனைக் கெவின் பக்கம் திருப்பினேன். எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்று கெவினிடம் சொன்னேன்.

"மானிட்டரை அணைக்கிற யோசனை இந்த ஆளுடையதா?" என்றார் கெவின். ஞானராஜுக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடவில்லை. ஞானராஜின் இங்கிலீஷ் கெவினுக்கும் எட்டவில்லை. இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"உங்க ஊரில் எல்லாரும் இப்படித்தான் படிப்பீர்களா, கேள்," என்றார் கெவின்.

"உங்க ஊர்ல இப்படிப் படிக்க வுடறாங்களான்னு கேளுமா," என்றார் ஞானராஜ்.

இரண்டு பேருக்கும் ஆமாம் என்றேன். பிறகு ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கையை நீட்டி, போனை வேன் ஜன்னல்வரை கொண்டுபோனேன். பெரிய கட்டத்தில் ஞானராஜ். சின்னக் கட்டத்தில் கெவின். அதன் ஓரத்தில், போனைப் பிடித்திருந்த என் கட்டைவிரல்.