காதுக்காரரும் கீச்சுச் சத்தமும்

அந்தத் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். இளவயதில் லாரி டெப்போ ஒன்றில் மெக்கானிக்காக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பட்டம் அது. வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, டீ குடித்துக்கொண்டிருக்கும் மனிதர் தலையைக்கூடத் திருப்பாமல், "மூணாவது இன்ஜெக்டர் போச்சு, ஓரமா நிறுத்து" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் போயிருக்கும். நடுவில் ஒரு தடவையாவது தப்பியிருந்தால் மனிதருக்குக் கொஞ்சம் அடக்கம் வந்திருக்கும். தப்பவில்லை. அதுதான் அவரைக் கெடுத்தது.

டெப்போவை இழுத்து மூடிய பிறகு, கல்குவாரியில் உழைத்து ஓய்ந்த பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மலை உச்சியில் இருக்கும் செல்போன் டவருக்குப் போகிற பாதையில் வேறு எந்த வண்டியும் பாதிக்கு மேல் ஏறாது. அதனால் டவர் வேலை ஆட்களை ஏற்றி இறக்குவதே அவருடைய பிழைப்பாகிவிட்டது. வண்டியை இன்னொருவர் கை தொட விட்டதில்லை. ஆயில் மாற்றுவது முதல் கிளட்ச் இறக்குவது வரை எல்லாம் வீட்டுப் பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில்தான்.

இப்படிப்பட்டவரிடம் போய் டவர் சூப்பர்வைசர் வெள்ளிக்கிழமை இறங்கும்போது சொல்லிவிட்டான்: "சார், தப்பா நினைக்காதீங்க. வண்டில அந்தக் கீச்சுச் சத்தம் தாங்க முடியல. காது வலிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லேன்னா வேற வண்டி பாருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

எந்தச் சத்தம்? தினமும் ஓட்டுகிற தனக்குத் தெரியாத சத்தம் பின்சீட்டில் தூங்கிவழிகிற பயலுக்குக் கேட்டுவிட்டதாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினார். அவளாவது நம் பக்கம் பேசுவாள் என்று நினைத்தார். தையல் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள், "ஆமாங்க, கொஞ்ச நாளாவே கத்துது" என்றாள். சூப்பர்வைசர் சொன்னதைவிட அது அதிகமாகச் சுட்டது.

சனிக்கிழமை காலையில் பானட்டைத் திறந்தார். இன்ஜினின் முன்பக்கம் ஒரு நீளமான பெல்ட் ஓடும். தண்ணீர் பம்பையும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் சுற்றவைப்பது அதுதான். அந்த பெல்ட்டைத் தொய்யாமல் பிடிக்க மேலே ஒரு சக்கரம், வழி திருப்பிவிடக் கீழே ஒரு சக்கரம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன பேரிங். அது தேய்ந்தால் கீச்சிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு நாள் இறுகி பெல்ட்டை அறுக்கும், மலைப்பாதை நடுவில் இன்ஜின் கொதித்து நிற்கும்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க அவருக்கென்று ஒரு வழி உண்டு. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சக்கரத்தின் போல்ட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். உள்ளே நடப்பதெல்லாம் பிடி வழியாக ஏறி வந்து சொல்லும். கீழ்ச் சக்கரத்தில் வைத்துக் கேட்டார். ஒரு குறையும் இல்லை. மேல் சக்கரத்தில் வைத்தார். லேசாக ஏதோ முனகுவது போல இருந்தது. தீர்ப்பு வந்துவிட்டது, மேல் சக்கரம்.

சொல்வதுதான் சுலபம். முதலில் விசிறியைக் கழற்ற வேண்டும். அதன் நட்டு ஊர் உலகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும் ஜாதி. அது அவருக்குத் தெரியும், ஆனாலும் நட்டு அசைந்து கொடுக்கவில்லை. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி ரேடியேட்டரில் இடித்துத் தோல் கிழிந்தது. வண்டியைச் செய்தவனையும் அவன் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒருவழியாகச் சக்கரத்தைக் கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டி வெளியே எடுத்து, மைத்துனன் கடையில் வாங்கிய புது பேரிங்கை மேஜையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் வைத்து, பக்குவமாக அழுத்தி உட்காரவைத்தார். எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று பெருமையாகக் குரல் கொடுத்தார்.

மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "கத்துதேங்க."

"நல்லாக் கேளு."

"கேட்டுட்டுத்தான் சொல்றேன். அப்படியேதான் இருக்கு."

அவருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. வேலையில் தப்பு இருக்க முடியாது. அப்படியானால் சரக்கில் தப்பு. மறுபடி விசிறி, மறுபடி அந்த நட்டு, மறுபடி அதே விரல் முட்டி. புது பேரிங்கைப் பிடுங்கி, பழையதையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு மைத்துனனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்.

"ஏன்டா மாப்ளே, டூப்ளிகேட் சரக்கை என் தலையில கட்டிட்டியா?"

மனைவியின் தம்பி பொறுமைசாலி. எழுந்து வந்து புது பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றி அவர் காதருகே நீட்டினான். "நீங்களே கேளுங்க மாமா. சத்தம் வருதா?"

வரவில்லை. ஒப்புக்கொள்ள மனமில்லாமல் உதட்டைப் பிதுக்கினார். அவன் பழையதையும் எடுத்துச் சுற்றிப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். "இதுவும் நல்லாத்தானே இருக்கு. இதை எதுக்குக் கழட்டினீங்க? கீழ்ச் சக்கரத்தைக் கையால சுத்திப் பார்த்தீங்களா?"

"கையால சுத்திப் பார்க்கிறது காது இல்லாதவன் செய்ற வேலை."

மைத்துனன் இன்னொரு புது பேரிங்கைக் கொடுத்தான். முதலில் வாங்கியதையும் பையில் திணித்து, "ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே சைஸ்தான், வச்சுக்கங்க" என்று அனுப்பிவைத்தான்.

மேல் சக்கரத்துக்கு அன்று நடந்தது இரண்டாவது பிரசவம். மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்து, இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் ஜன்னலைப் பார்த்தார். மனைவி தலையை இடவலமாக ஆட்டினாள்.

ஸ்பானரைத் தூக்கி எறிந்தார். அது தகரத்தில் பட்டு எழுப்பிய சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது. "உனக்குத்தான் காதுல கோளாறு. நாள் பூரா அந்தத் தையல் மெஷின்கிட்டயே உட்கார்ந்தா வேற என்ன கேக்கும்? அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்கப் பார்க்கறீங்க."

அவள் மெஷினை விட்டு எழுந்து கொட்டகைக்கு வந்தாள். இன்ஜினை நிறுத்தினாள். சண்டைக்கு வந்தவள் போலத் தெரியவில்லை.

"பேத்திக்குக் காய்ச்சல் வந்தப்ப தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு குப்பையில போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா. எவ்வளவு நேரம் வச்சாலும் அந்த பீப் சத்தமே வரல."

"வந்துச்சு. உங்க கையிலேயே கத்திட்டு இருந்துச்சு. நான்தான் அப்புறமா எடுத்துக் கழுவி வச்சேன். இன்னிக்கும் அதைத்தான் வச்சிட்டிருக்கோம்."

வாசல் காலிங்பெல்லைத் தான் இரண்டு முறை மாற்றியது நினைவுக்கு வந்தது. மகள் போன் செய்தால், அவர் எடுத்தவுடனே அம்மாவிடம் கொடுங்கள் என்று அவள் சொல்வதும் நினைவுக்கு வந்தது. டீசலின் தடதடப்பு கேட்கிறது, லாரி ஹாரன் கேட்கிறது, இவள் பேசுவது கேட்கிறது. பிறகு எது கேட்கவில்லை? கேட்காததைப் போய் எப்படித் தேடுவது?

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார். கோபமாகத்தான் சொல்ல நினைத்தார்.

"சொல்ல வாய் வரலீங்க. கீச்சுன்னு வர்ற சன்னமான சத்தம் மட்டும்தான் உங்களுக்குக் கேக்கறதில்ல."

அவர் பானட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பயமாக இருந்தது. எரிச்சலும் அடங்கவில்லை. வண்டியை உதைக்கலாம், ஆனால் வண்டி என்ன செய்யும், பாவம். கடைசியில் அந்த நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிடியைத் துணியால் துடைத்து மனைவியிடம் நீட்டினார். டெப்போவில் எத்தனையோ பேர் கெஞ்சியும் அவர் இரவல் தராத சாமான் அது.

"முடியை இறுக்கிக் கட்டிக்கோ. பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. நுனியைப் போல்ட் மேல வை, பிடியைக் காதுல ஒட்டிக்கோ. எங்க அதிகமா கத்துதுன்னு சொல்லு."

இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். அவள் குனிந்து மேல் சக்கரத்தில் வைத்துக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். கீழ்ச் சக்கரத்தில் வைத்த கணமே முகம் கோண, ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இதாங்க. யப்பா, காதைக் கிழிக்குது."

காலையில் அவர் ஒரு குறையும் சொல்லாமல் விட்ட சக்கரம். கழற்றி விரலால் சுற்றியபோது உள்ளே சொரசொரவென்று மணல் அரைபட்டது. கைக்குத் தெரிந்துவிட்டது. காலையிலேயே கையைக் கேட்டிருந்தால் பாதி நாளும் ஒரு விரலும் மிஞ்சியிருக்கும். டூப்ளிகேட் என்று திட்டு வாங்கிய அதே பேரிங்கை உள்ளே அழுத்தி, சக்கரத்தை மாட்டி, பெல்ட்டை ஏற்றினார். வழக்கமாக வேலை செய்யும்போது யாரையாவது வைதுகொண்டே இருப்பவர், இன்று யாரையும் வையவில்லை. மனைவி பக்கத்திலேயே நின்று கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. மனைவியின் தோள்கள் தளர்ந்தன. முகம் மலர்ந்தது.

"நின்னுடுச்சுங்க. அப்பாடா, எவ்வளவு நல்லா இருக்கு. உங்களுக்கும் வித்தியாசம் தெரியுதுல்ல?"

திங்கட்கிழமை வண்டி மலை ஏறும், சூப்பர்வைசர் வாயை மூடிக்கொண்டு வருவான். அதில் இனிச் சந்தேகமில்லை. தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளும் நம்பியது போலக் காட்டிக்கொண்டு மெஷினுக்குப் போய்விடுவாள். அவர் ஓடுகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னும் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்து, தன்னால் முடிந்த மட்டும் கேட்டுப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "எனக்குக் காலையிலயும் இப்படித்தான் இருந்துச்சு."