ஐந்தருவிப் பாறையில் பல்லி தேடிய இரவுகள்

சங்கரேஸ்வரி வீட்டு மாடி அறைக்கு மாஜிதா குடிவந்தது ஆனி மாதச் சாரலில். கடையநல்லூர்ப் பெண், பாறைப் பல்லிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் கிடக்கும் பெரும்பாறைகளில், இருட்டிய பிறகு டார்ச் அடித்துத் தேட வேண்டும். தோப்புக்காரர் சம்மதித்துவிட்டார். கூட வரத்தான் ஆளில்லை.

“அக்கா, துணைக்கு வாரீங்களா?”

சங்கரேஸ்வரிக்குப் பல்லி என்றாலே ஆகாது. சுவரில் ஒன்றைக் கண்டுவிட்டால் அந்த அறையில் படுக்கமாட்டாள். ஆனாலும் பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

“வாரேன். ஆனா பக்கத்துல வரமாட்டேன். தள்ளியே நின்னுக்கிடுதேன்.”

மூன்று இரவுகள் அப்படித்தான் நின்றாள். மாஜிதா பாறையிடுக்கில் வெளிச்சம் அடிப்பாள். கடுகளவு கண்கள் மின்னும். பிடித்து, அளவெடுத்து, படம் எடுத்து, அதே இடுக்கில் விட்டுவிடுவாள்.

நாலாம் இரவு தூறல் போட்டது. சங்கரேஸ்வரி ஒரு பாறைச் சரிவுக்கு அடியில் ஒதுங்கினாள். மாஜிதா அதன் மேலே வெளிச்சம் அடிக்க, தொப்பென்று ஒரு பல்லி சங்கரேஸ்வரியின் உச்சந்தலையில் விழுந்தது.

“அசையாதீங்க அக்கா!”

அவளால் அசையவும் முடியவில்லை. மாஜிதா மெதுவாகப் பொத்தி எடுத்த பிறகுதான், சங்கரேஸ்வரி அழுவதைக் கவனித்தாள்.

“ஒம்பது வருசத்துக்கு முன்னால அடுப்படியில இப்படித்தான் விழுந்துச்சு. தலையில விழுந்தா ஆகாதுன்னு காலண்டர்ல போட்டிருக்கும்லா? ‘குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வா’ன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாக. நான் சிரிச்சிட்டு இருந்துட்டேன். நாலாம் நாளு சுரண்டை ரோட்டுல லாரி மோதி அவுக போயிட்டாக. இதை யார்ட்டயும் சொன்னதில்ல. கோயிலுக்குப் போயிருந்தா இருந்திருப்பாகளோன்னு…”

 மாஜிதா பல்லி இருந்த கையை வெளிச்சத்தில் நீட்டினாள்.

“இது நெஞ்சு எப்படி அடிக்குன்னு பாருங்க. என் லைட்டுக்குப் பயந்து ஓடியிருக்கு. ஈரப் பாறை, பிடி வழுக்கிருச்சு. அவ்வளவுதான் அக்கா. அன்னிக்கும் ஏதோ ஒண்ணுக்குப் பயந்துதான் விழுந்திருக்கும்.”

சங்கரேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெளுத்த தொண்டை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று உள்ளங்கையை நீட்டினாள். மாஜிதா அதில் வைத்த பல்லி சில்லென்று இருந்தது.

“ஐயோ, என்னைவிடல்லா பயந்து கெடக்கு!”

அதை இடுக்கில் விட்டதும் அவள்தான். வீட்டுக்கு வந்து குளித்தாள். தோஷம் கழிக்க இல்லை, முழங்கால்வரை சேறு. மறுநாள் காலையில் கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து, அப்பாவோடு நடந்த அந்தப் பேச்சை முதல்முறையாகச் சொன்னாள். இருவரும் அழுதார்கள்.

சாரல் முடிவதற்குள் இன்னும் இருபது இரவுகள் போனார்கள். பாறையடியில் ஒட்டியிருந்த இரண்டு வெள்ளை முட்டைகளை முதலில் கண்டவள் சங்கரேஸ்வரி. “ஏட்டி, இங்கன வா, ஓடியா!” என்று தோப்பே அதிரக் கூப்பிட்டாள்.

ஊருக்குப் புறப்படும் நாளில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் மாஜிதா, “நீங்க இல்லன்னா என் வேலை நடந்திருக்காது அக்கா, ரொம்ப நன்றி” என்றாள்.

“நீ சும்மா இரு. அதைச் சொல்ல வேண்டியவ நான்லா” என்று ஜன்னல் வழியே அவள் கையைப் பிடித்தாள் சங்கரேஸ்வரி.  பஸ் நகரும்வரை அந்தக் கையை விடவில்லை.