மச்சானின் பாஸ்வேர்ட்

கண்டி டவுனில் நான் துணி வெட்டும் தையல் கடையின் முதலாளிக்குத் திடீரென்று நவீன ஆசை பிடித்தது. வாடிக்கையாளர்களின் அளவுகளையெல்லாம் கிளவுடில் ஏற்றிவிட்டு, அளவுக் கொப்பிகளைக் கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார். "இனிப் பூச்சி அரிக்காது, எல்லாம் மேலே பத்திரமா இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் விரலை மேலே காட்டுவார். ஈமெயில் திறக்கத் தெரியாத மனிதர். அக்கவுண்ட் இருந்ததோ மடவளையிலிருக்கும் அவருடைய மச்சானின் பெயரில், மச்சானின் போனில்.

"நாங்களும் ஒரு பிரதி வெச்சுக்குவோம்" என்றேன்.

"குடும்பத்துக்குள்ள என்ன பயம்?" என்று முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்த மச்சானை வீடு தேடிப் போய் அழைக்க இவருக்கு நேரமில்லை, வாட்ஸ்அப்பில் கார்டை அனுப்பினார். மச்சான் சண்டைக்கு வரவில்லை. பேசாமல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.

பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக நிறுத்தி மறுபடி அளந்தேன். கடைசியில் முதலாளியே கல்யாணத்துக்குப் போட வேண்டிய கோட்டுக்குத் துணியோடு வந்தார்.

"கையைத் தூக்குங்க முதலாளி" என்றேன்.

மேலே காட்டித் திரிந்த அதே கையைத் தூக்கிக்கொண்டு, பொலிசிடம் அகப்பட்ட கள்ளனைப் போல நின்றார். நான் அவசரப்படாமல் அளந்தேன்.