பதிவேட்டில் விட்ட இடம்

என் முன்னால் வராத ஒரு பெண், என் முன்னால் வந்து விரல் வைத்ததாக எழுதி முத்திரை போட்டேன். அந்தத் தாளை நம்பித்தான் வளைகுடாவில் அவள் கணவனைப் புதைத்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. நான் விருதுநகரில் வக்கீல். நோட்டரி அதிகாரமும் இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் கட்டட வேலைக்கு வெளிநாடு போகப் போக, அங்கே காட்ட வேண்டிய தாள்கள் என் மேசைக்கு வந்தன. பட்டாசு சீசனில் அவர்கள் மனைவிமாருக்குக் கம்பெனியில் லீவு கிடைக்காது. வீட்டிலேயே விரல் வைத்த தாளை உறவினர் யாராவது கொண்டுவருவார். நான் சான்று போட்டு அனுப்பிவிடுவேன். பதிவேட்டில் மட்டும் விரலுக்கு இடம் விட்டுவைப்பேன். தீபாவளி கழிந்ததும் வந்து வைத்துவிட்டுப் போவார்கள். சட்டப்படி தப்பு. எனக்கு அது உதவியாகத் தெரிந்தது.

அந்தப் புரட்டாசியில் எம். புதுப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். தம்பி அங்கே மாரடைப்பில் இறந்து, உடல் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்றார். அங்கேயே அடக்கம் செய்யத் தம்பி மனைவி சம்மதிக்கும் கடிதத்தை நீட்டினார்.

“அந்தப் பிள்ளை வரலையா?”

“பதினஞ்சு நாளு படுத்தே கெடந்தாய்யா. இப்பத்தான் வேலைக்குப் போறா. சீசன் நேரத்துல போர்மேன் விடுவாரா?”

கைரேகையைப் பார்த்தேன். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் பெண்களின் கட்டைவிரலில் ரேகை தேய்ந்திருக்கும். மை தொட்டு வைத்தால் கறுப்பாக ஒரு அப்பல்தான் விழும். இந்தத் தாளில் ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தது. அதைக் கவனித்தேன். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். முத்திரையை எடுத்தேன்.

ஆறாம் நாள் அவளே வந்தாள். வேலையிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்கிறாள். தலைமுடியில் அலுமினியப் பொடி மின்னியது.

“நீங்கதான் சீல் வச்ச வக்கீலா?”

“ஆமாம்மா.”

“அங்கன கூட வேலை பாக்குறவரு போன் போட்டாரு. ‘இங்கனயே பொதைக்கச் சொல்லிட்டீகளாமே’ங்காரு. நான் எப்பய்யா சொன்னேன்? பெட்டி வர மாசமாகும், மொகம் மொகமா இருக்காதுன்னு அவுக அண்ணன் சொன்னாரு. எப்படி இருந்தாலும் நான் பாக்கணும்னேன். கடைசில அவரு தன் வெரலயே எனக்குப் பதிலா வச்சிருக்காரு. நீங்க எப்பய்யா என்னயப் பாத்தீக?”

பதிவேட்டைத் திறந்து, அவள் விரலுக்கு விட்டிருந்த வெற்றிடத்தைக் காட்டினேன்.

“நாளைக்குப் பொதைக்காகளாம். அதுக்குள்ள நிறுத்துங்க.”

முந்தைய கடிதம் பொய், அந்தப் பெண் என் முன் வரவே இல்லை, குற்றம் என்னுடையது என்று எழுதினேன். அவள் விரல் வைத்தாள். கறுப்பு அப்பல் விழுந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் அங்குள்ள நம் தூதரகத்துக்கு ஃபேக்ஸ் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டோம். மறுபடி. அவள் மிஷினை விட்டு நகரவில்லை.

“பொய்த் தாளு ஒரே நாள்ல போய்ச் சேந்திருச்சு. நெசத்துக்குத்தான் லைன் கெடைக்கலையாக்கும்” என்றாள்.

இருட்டும் நேரத்தில்தான் போனது. தொலைபேசியில் கூப்பிட்டேன்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் முழுக்கக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் ஒருவர் எடுத்தார். ஃபேக்ஸ் கிடைத்ததாம். அடக்கம் முடிந்துவிட்டதாம்.

காரணத்தை எழுதி நோட்டரி அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது, யாரும் விசாரிக்கவில்லை. கல்லறையின் படமாவது அனுப்புங்கள் என்று தூதரகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். எட்டு மாதம் கழித்து வந்தது. நானே கொண்டுபோனேன். வரிசையாக மணல் மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் போட்ட கல். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

“இதுல அவுக எது?”

கூட வந்த கடிதத்தில் எண் இல்லை. எழுதிக் கேட்கிறேன் என்றேன். ஐந்து முறை எழுதினேன், பதில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பஸ் ஏறிப் போய் அவளிடம் அதைச் சொன்னேன். ஐந்தாவது முறை வாசலிலேயே நிறுத்தினாள்.

“இனிமே வராதீகய்யா. உங்களத் தெருவுல பாத்தாலே நம்பரு வந்திருச்சோன்னு ஓடியாறேன்.”

அதன்பின் நான் போகவில்லை.